தூண்டிற்கோலும் கடற்கரையும்

சங்கப் புலவருள் மீனெறிதூண்டிலார் என்பவர் ஒருவர். அவருடைய இயற்பெயர் யாது, பிறந்த ஊர் யாது என்பன நமக்குத் தெரியவில்லை. குறுந்தொகையில் அவர் பாடிய பாட்டு ஒன்று உள்ளது. காட்டு யானை ஒன்று பசிய மூங்கிலைத் துதிக்கையால் வளைக்கின்றது. அவ்வேளையில் தினைப்புனங் காப்போர் விட்ட கவணின் ஒலி கேட்கின்றது. யானை அஞ்சி மூங்கிலைக் கைவிடுகின்றது. வளைந்திருந்த மூங்கில் விரைந்து மேலெழுகின்றது. அவ்வெழுச்சிக்குப் புலவர் தூண்டிற்கோலை உவமை கூறினார். அவ்வுவமையின் நயம் கருதி, பாட்டில் வரும் அத்தொடரையே அவருக்குப் பெயராக்கி விட்டனர் முன்னோர்.

மாணவர்களே! இப்பாட்டை நான் முப்பத்திரண்டு ஆண்டுகள் வகுப்பறையில் நடத்தினேன். ஒருமுறை முன்வரிசையில் இருந்த சிறுவன் ஒருவன் எழுந்து, "ஐயா, தூண்டிற்கோல் எவ்வளவு விரைவாக எழும்?" என்று வினவினான். நான் கையை மேலே வீசிக் காட்டி, "இவ்வாறு எழும்" என்று கூறி அமர்த்தினேன். உண்மை யாதெனில், அந்நாள்வரை நான் தூண்டிற்கோலைக் கையால் தொட்டதும் இல்லை. உவமையை விளக்கினேனே தவிர, உவமிக்கப்பட்ட பொருளை அறிந்தேனல்லேன்.

ஓய்வு பெற்றபின், குமரி மாவட்டத்துக் கடலோரத்தில் வாழும் என் மகனோடு வந்து தங்கினேன். வீட்டிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் கடல். காலையில் உலாவச் சென்ற இடத்தில் பரதவர் ஒருவர் பழக்கமானார். என்னினும் பத்தாண்டு மூத்தவர். ஆழ்கடலில் நாற்பதாண்டு உழைத்து, இப்போது கரையிலிருந்து தம் வீட்டுக் கறிக்கு மட்டும் தூண்டிலிடுபவர். நான் அவரை அண்ணாச்சி என்று அழைப்பேன். அவர் என்னை வாத்தியாரையா என்பார். அவரிடம் நான் மாணவனானேன். அவர் கற்பித்தவற்றுள்ளும், பின்னர் நூல்களைப் படித்து அறிந்தவற்றுள்ளும் இன்றியமையாத சிலவற்றை இங்கே கூறுகின்றேன்.

தொடங்குமுன் ஒன்றைத் தெளிவாக்குதல் வேண்டும். தூண்டில் சிலருக்குத் தொழில். இதே மாவட்டத்தின் மேற்கெல்லையில் உள்ள தூத்தூர் முதலிய ஊர்களின் பரதவர், ஒரு நெடுங்கயிற்றில் எண்ணற்ற தூண்டில்களைக் கோத்த ஆயிரங்கால் தூண்டிலோடு, கரையே காணாத ஆழ்கடலில் பல நாள் தங்கிச் சுறா பிடிப்பதில் பெயர் பெற்றவர்கள். அவர்கள் உயிரைப் பணயமாக வைத்துச் செய்வது வேறு. நாம் விடுமுறை நாளில் கரையில் நின்று செய்வது வேறு. நம்முடையது பொழுதுபோக்கு. ஆதலின் மீன் கிடைக்காத நாளில் நமக்கு இழப்பு ஒன்றும் இல்லை. இதை மறந்தவர்களே பாறையில் வழுக்கி விழுகின்றனர்.

இனிக் கருவிகளைக் காண்போம். முற்காலத்தில் மூங்கிலே கோல். பருத்தி நூலே கயிறு. இக்காலத்தில் கண்ணாடியிழையாலும் கரியிழையாலும் கோல் செய்கின்றனர். அலை புரளும் மணற்கரையில் நின்று வீசுவோருக்கு 3 முதல் 4 மீட்டர் நீளமுள்ள கோல் வேண்டும். அப்போதுதான் அலை உடையும் இடத்துக்கு அப்பால் இரை சென்று விழும். ஆறு கடலொடு கலக்கும் கழிமுகத்திலோ 2 அல்லது 2.5 மீட்டர்க் கோலே போதும். கோல் இல்லாமல் கையாலேயே வீசும் கைத்தூண்டிலும் உண்டு. தொடங்குவோர் முதலில் கைத்தூண்டில் பழகுதல் நன்று என்பது அண்ணாச்சியின் கொள்கை. நூலின் வழியே மீன் பேசும் பேச்சை விரல் நேராகக் கேட்கும் என்பார் அவர்.

நூல் நைலானால் ஆகியது. நம் கடற்கரையில் அதனைத் தங்கூசி என்பர். நைலான் 1935ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஆக்கப்பட்டது. உலகத்துத் தூண்டிற்காரர் பலரும் அதனைப் பின்பற்றினர். தண்ணீரில் அது கண்ணுக்குப் புலப்படாது, எளிதில் அறாது. ஆனால் எளிதில் மட்கவும் செய்யாது. அறுந்த நூலைக் கரையில் எறிந்துவிட்டு வருவோமாயின், அது கடற்பறவையின் காலிலும் ஆமையின் கழுத்திலும் சுற்றிக்கொண்டு பல்லாண்டுகள் கொலைத்தொழில் செய்யும். அண்ணாச்சி தம் சட்டைப்பையில் ஒரு சிறிய டப்பி வைத்திருப்பார். தாம் அறுத்த நூலை மட்டுமன்றிப் பிறர் விட்டுச் சென்ற நூலையும் பொறுக்கி அதனுள் இடுவார்.

நூலின் வலிமை முழுவதும் முடிச்சில் அடங்கியது. நூலின் நுனியைத் தூண்டிலின் காதில் நுழைத்து, நுனியைத் தாய்நூலின்மீது ஐந்து சுற்றுச் சுற்றி, காதின் அருகே உள்ள சிறு வளையத்தினூடே திரும்பச் செலுத்தி, அதனால் உண்டாகும் பெரிய வளையத்துள்ளும் ஒருமுறை நுழைத்து மெல்ல இறுக்குதல் வேண்டும். இறுக்குமுன் முடிச்சை நீரால் நனைத்தல் மிக முதன்மையானது. உலர்ந்த நைலானை விரைந்து இழுத்தால் உராய்வினால் சூடேறி அவ்விடத்தில் நூல் நலிந்துவிடும். பெரிய மீனை இழந்தவர் பலர் மீனின் வலிமையை வியந்து கூறுவர். உண்மையில் அவரைத் தோற்கடித்தது முடிச்சே ஆகும்.

தூண்டில் முள்ளுக்கு எண் உண்டு. இவ்வெண் புதியவரை மயக்கும். 10ஆம் எண் முள்ளினும் 4ஆம் எண் முள் பெரியது. எண் குறையக் குறைய முள் பெரிதாகும். ஆனால் 1க்குப்பின் முறை மாறுகின்றது. 1/0, 2/0, 5/0 என்று எழுதப்படுவனவற்றுள் முன்னெண் பெருகப் பெருக முள்ளும் பெருகும். கணக்காசிரியர் எவரும் இதற்கு இசையமாட்டார். எனினும் உலகெங்கும் வழக்கு இதுவே. முள்ளின் நுனி உள்நோக்கி வட்டமாக வளைந்த ஒருவகையும் உண்டு. அது பெரும்பாலும் மீனின் கடைவாயில் மட்டுமே பற்றும். குடலிற் சென்று தைப்பது அரிது. மீனைத் திரும்பவும் நீரில் விட எண்ணுவோர்க்கு அதுவே தக்கது. அதனைக் கையாளும்போது கோலை வெடுக்கென்று இழுக்கலாகாது. மீன் இரையைக் கவ்வி நகரும்போது நூலை மெல்ல இறுக்கினாலே போதும்.

நூலைச் சுற்றி வைக்கும் உருளையை ரீல் என்பர். அதில் ஒரு திருகு உண்டு. வலிய மீன் இழுக்கும்போது நூல் அறாது சிறிது சிறிதாக வழுக்கி வெளிச்செல்லுமாறு அத்திருகைத் தளர்த்தி வைத்தல் வேண்டும். நூல் தாங்கும் எடையில் மூன்றிலொரு பங்கை ஓர் அளவாகக் கொள்வர். 9 கிலோ தாங்கும் நூலாயின், தொங்குதராசு ஒன்றை நுனியிற் கட்டி இழுத்தால் 3 கிலோ காட்டும்போது நூல் வழுக்கத் தொடங்குதல் வேண்டும். வீடு திரும்பியதும் கோலையும் ரீலையும் நல்ல தண்ணீரில் அலசி உலர்த்துக. இதைச் செய்யாத என் முதல் ரீல் ஒரே மாதத்தில் துருவேறிச் சுற்றாமல் நின்றுவிட்டது.

இரை பற்றி விரித்துக் கூற வேண்டுவதில்லை. இறால், சாளை, கணவாய்த் துண்டு ஆகிய மூன்றும் எங்கும் கிடைக்கும். எல்லா மீனும் விரும்பும். இறாலை அன்று பிடித்ததாக வாங்குக. இரைக்குப் பதிலாகப் பளபளக்கும் உலோகத் தகட்டை நீரில் இழுத்துக் காட்டி மீனை ஏமாற்றும் முறையும் உண்டு. வள்ளுவர் சூதாட்டத்தின் வெற்றியைத் தூண்டில் இரும்பை மீன் விழுங்குவதற்கு ஒப்பிட்டது உங்களுக்கு நினைவிருக்கும். இரையே இல்லாமல் வெறும் உலோகத்தை மீன் விழுங்குவதைக் கண்ணாரக் கண்ட அன்று, அவ்வதிகாரத்தை மீண்டும் ஒருமுறை எடுத்துப் படித்தேன்.

கருவியினும் பெரிது காலம். கடல்நீர் நாளொன்றுக்கு இருமுறை ஏறி இருமுறை வற்றும். நூல்வழக்கில் இதனை ஓதம் என்பர். குமரிப் பகுதியில் வேலியேற்றம், வேலியிறக்கம் என்று கூறுவாரும் உளர். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம் ஆகும். ஆகவே இன்று காலை 6 மணிக்கு நீர் நிரம்பினால், நாளைக் காலை ஏறத்தாழ 6 மணி 50 நிமிடத்துக்கு நிரம்பும். நிலவு நாள்தோறும் பிந்தி எழுவதே இதற்குக் காரணம். காருவா, வெள்ளுவா ஆகிய இரு நாட்களிலும், அதாவது அமாவாசையிலும் முழுநிலா நாளிலும், ஞாயிறும் திங்களும் ஒரே நேர்கோட்டில் நின்று ஈர்த்தலால் ஏற்றமும் வற்றமும் மிகும். அரைநிலா நாட்களில் இரண்டும் குறையும். குசராத்தின் காம்பே வளைகுடாவில் நீர் பத்து மீட்டர் அளவுக்கு ஏறி இறங்கும். நம் குமரிக் கரையிலோ ஒரு மீட்டர் அளவும் ஏறுவதில்லை. அளவு சிறிதாயினும் மீனுக்கு அதுவே மணியோசை. நீர் அசையாது நிற்கும் வேளையில் மீன் இரை தேடாது. நீர் ஓடத் தொடங்கியதும் தேடும்.

இதனை நன்கு காணவேண்டுமாயின் மணக்குடிக் கழிமுகத்துக்குச் செல்க. பழையாறு கடலொடு கலக்கும் இடம் அது. 2004ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் நாள் வந்த ஆழிப்பேரலை, கீழமணக்குடியையும் மேலமணக்குடியையும் இணைத்த பாலத்தைப் பெயர்த்தெறிந்ததும் அங்கேதான். வற்றம் தொடங்கும்போது கழியில் உள்ள நீர் கடலை நோக்கி ஓடும். அந்நீரோடு இறாற்குஞ்சும் சிறுமீனும் அடித்து வரப்படும். நீரோட்டத்தின் ஓரத்தில், கல்லின் மறைவிலோ பாலத்தூணின் நிழலிலோ, கொடுவா வாய் திறந்து காத்திருக்கும். அது ஓட்டத்தின் நடுவே நின்று தன் வலிமையை வீணாக்குவதில்லை. ஆதலின் இரையை ஓட்டத்துக்கு மேற்புறம் வீசி, நீரே அதனை மறைவிடத்துக்குக் கொண்டு சேர்க்குமாறு விடுதல் வேண்டும். வற்றத்தின் முதல் ஒரு மணி நேரம் விடியலோடோ அந்தியோடோ பொருந்துமாயின், அந்நாள் நல்ல நாள்.

மணற்கரையில் கிழங்கான் தொடங்குவோர்க்கு உற்ற மீன். கணுக்கால் அளவு நீருக்குச் சற்று அப்பால் மணலைக் கிளறி மேய்வது. சிறிய முள், சிறிய ஈயக்குண்டு, விரல்நகம் அளவு இறால்துண்டு ஆகியன போதும். மணற்கரையில் நிற்போர் முதலில் ஐந்து நிமிடம் கடலைப் படித்தல் வேண்டும். அலை வெண்ணுரையாய் உடையும் இடத்தில் அடியில் மணல்மேடு உண்டு; நீர் ஆழம் குறைவு. இரு மேடுகளுக்கு நடுவே அலை உடையாமல், நிறம் கறுத்து, அமைதியாய்த் தோன்றும் வழி ஒன்று இருக்கும். அது ஆழமான வாய்க்கால். அவ்வாய்க்காலின் வழியேதான் மீன் கரைக்கு வரும். இரையை அதன் ஓரத்தில் இடுக.

ஆனால் மாணவர்களே, இவ்விடத்தில் நில்லுங்கள். கரையில் ஏறிய நீர் கடலுக்குத் திரும்பிச் செல்லும் வழியும் அவ்வாய்க்காலே. அலையில்லாமல் அமைதியாய்த் தோன்றுவதைக் கண்டு, குளிக்க வருவோர் அவ்விடத்தையே தேர்ந்து இறங்குவர். நீரோட்டம் அவர்களைக் கடலுக்குள் இழுத்துச் செல்லும். அதில் அகப்பட்டவர் கரையை நோக்கி எதிர்த்து நீந்தினால் களைத்துப் போவர். ஓட்டம் அகலத்தில் குறுகியது. ஆதலின் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அதைவிட்டு விலகி, பின்னரே கரையேறுதல் வேண்டும். தூண்டிற்காரன் மீனுக்காகக் கற்கும் பாடம், குளிப்பவன் உயிருக்காகக் கற்க வேண்டிய பாடமாய் இருக்கின்றது.

பாறைக்கரைக்கு முட்டம் சிறந்த எடுத்துக்காட்டு. பாறை இடுக்குகளில் களவாய் வாழும்; பாறையின் வெளிப்புறத்தில், நுரை கொந்தளிக்கும் இடத்தில், பாறைமீன் கூட்டமாய் வேட்டையாடும். அங்கேதான் என் வாழ்நாள் முடிந்திருக்க வேண்டியது. தூண்டில் கற்ற முதலாண்டு அது. முள் ஒன்று அறுந்தது. புதிய முள்ளைக் கட்டுவதற்காகக் காற்றுக்கு மறைவாகத் திரும்பி, கடலுக்கு முதுகு காட்டிக் குனிந்து நின்றேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு முடிச்சைக் கவனித்தேன். அதுவரை காலை நனைக்காத அலை அன்று இடுப்பளவு வந்து என்னைத் தூக்கியது. பாறையின் பாசியில் கால் நிற்கவில்லை. அண்ணாச்சி என் வேட்டியின் முடிச்சையும் கையையும் சேர்த்துப் பற்றி இழுத்திராவிடின் இப்பாடம் எழுதப்பட்டிராது. கோலும் பெட்டியும் மூக்குக்கண்ணாடியும் கடலுக்குப் போயின. மூச்சு வந்தபின் அவர் கூறியது இவ்வளவே: "வாத்தியாரையா, வகுப்பில் பிள்ளைகளுக்கு முதுகு காட்டிக் கரும்பலகையில் எழுதலாம். கடலுக்கு முதுகு காட்டலாகாது."

அன்றுமுதல் பாறையில் ஏறுமுன் கால்மணி நேரம் உலர்ந்த இடத்தில் அமர்ந்து அலையை எண்ணுவது என் வழக்கம். அலைகள் யாவும் ஒரே அளவின அல்ல. சிறியன பல வந்தபின் பெரியன சில தொடர்ந்து வரும். பாறை எதுவரை நனைந்திருக்கின்றது என்று காண்க; அதற்கும் மேலே நிற்க இடமில்லையேல் திரும்பி விடுக. தனியே செல்லற்க. ஆனி ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது பாறைப்பக்கம் செல்லவே வேண்டா.

காற்றும் மழையும் உள்ள கடல் தன் சினத்தை முகத்தில் காட்டும். காட்டாத கடலும் உண்டு. அதனைக் கள்ளக்கடல் என்று கேரளத்தாரும் குமரிப் பரதவரும் கூறுவர். பல்லாயிரம் கிலோமீட்டர் தெற்கே, பெருங்கடலின் கோடியில் எழும் புயற்காற்று நீண்ட அலைகளைப் பிறப்பிக்கும். அவ்வலைகள் நாட்கணக்கில் பயணம் செய்து நம் கரையை அடையும். இங்கே காற்று இராது, வானம் தெளிந்திருக்கும், கடல் மட்டும் கள்வன்போல் ஓசையின்றி வந்து கரையை விழுங்கும். பரதவர் இட்ட இப்பெயரையே 2012ஆம் ஆண்டில் யுனெசுகோ அறிவியல் வழக்குக்கு ஏற்றுக்கொண்டது. எழுதப்படிக்கக் கல்லாதவர் பலர் ஆண்ட சொல் உலகச் சொல்லாயிற்று என்பது தமிழாசிரியனாகிய எனக்கு ஒரு மகிழ்ச்சி.

2024ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் ஒரு காலை நான் கோலோடு புறப்பட்டேன். இலை அசையவில்லை. அண்ணாச்சி தம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தார். "எங்கே போகிறீர்கள்?" என்றார். "கடல் குளம்போல் இருக்கிறதே அண்ணாச்சி" என்றேன். "ஓர் அலைக்கும் மறு அலைக்கும் உள்ள இடைவெளியை எண்ணினீர்களா?" என்று வினவினார். இருவரும் எண்ணினோம். வழக்கத்தினும் ஏறத்தாழ இரு மடங்கு இருந்தது. "இது தொலைவிலிருந்து வருகிற அலை. கோலை உள்ளே வையுங்கள்" என்றார். ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையமும் கள்ளக்கடல் குறித்து முன்னரே எச்சரிக்கை விடுத்திருந்தது. அந்த மே மாதம் 6ஆம் நாள் கணபதிபுரத்தை அடுத்த கடற்கரையில் மருத்துவக் கல்லூரி மாணவர் ஐவர் அலையில் சிக்கி உயிர் நீத்தனர். இளமையும் கல்வியும் நிரம்பிய ஐவர். அவர்களைப் பற்றி எழுதும்போது என் கை தயங்குகின்றது. ஆயினும் உங்களுக்குக் கூறாதிருத்தல் முறையன்று.

அவ்வெச்சரிக்கைகள் இப்போது கைப்பேசியிலும் வானொலியிலும் நாள்தோறும் கிடைக்கின்றன. ஓதம் எம்மணிக்கு ஏறும் என்பதை இந்திய நில அளவைத் துறை ஆண்டுதோறும் வெளியிடும் அட்டவணையிற் காணலாம். இவ்விரண்டையும் பார்க்காமல் புறப்படுதல், நேரம் அறியாமல் புகைவண்டி நிலையத்துக்குச் செல்வது போன்றது. இவ்விரண்டோடு மூன்றாவதாக, அவ்வூர்ப் பரதவர் ஒருவரையும் கேட்டுக்கொள்க.

மீன் கைக்கு வந்தபின்னும் கருத்தோடு இருத்தல் வேண்டும். கெளுத்தியின் முதுகிலும் இருபுறச் செவுளின் அருகிலும் நஞ்சுள்ள முட்கள் உண்டு. ஓரா மீனின் முட்களும் அத்தகையனவே. முள் தைத்தால், தோல் வெந்துவிடாதவாறு பொறுக்கத்தக்க சூடுள்ள வெந்நீரில் அவ்வுறுப்பை அரைமணிக்கு மேல் வைத்திருந்தால் வலி தணியும். பின்னர் மருத்துவரிடம் செல்க. வயிற்றைப் பந்துபோல் ஊதிக்கொள்ளும் பேத்தையை எக்காரணத்தாலும் உண்ணலாகாது. அதன் உடலில் உள்ள நஞ்சு சமைத்தாலும் நீங்குவதில்லை.

எல்லா மீனையும் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டுவதில்லை. சிலவற்றைக் கொண்டுவரவும் கூடாது. அம்மணி உழுவை, கடற்குதிரை, வேளா முதலியன 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் 2001ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்டன. இவற்றைப் பிடித்தல் குற்றம். மன்னார் வளைகுடாவில் உள்ள 21 தீவுகள் 1986ஆம் ஆண்டிலேயே கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன; அங்கே தூண்டிலிடுதல் ஆகாது. பட்டினப்பாலையிற் கூறப்படும் பரதவர், முழுநிலா நாளில் கடலுக்குச் செல்லாமல் சுறாவின் கொம்பை நட்டு வழிபட்டனர். அக்கொம்பு வேளாவினுடையதாக இருக்கலாம் என்று எனக்கு ஓர் எண்ணம் உண்டு. வாள்போல் நீண்ட மூக்குடைய அம்மீனை இன்று நம் கடலில் காண்பதே அரிது. மீனுக்கு ஒருநாள் ஓய்வு தந்த அவ்வழக்கம் இன்று வேறுருவில் உள்ளது. மீன்கள் முட்டையிடும் காலமாதலால், கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரையிலும், மேற்குக் கரையில் சூன் 1 முதல் சூலை 31 வரையிலும் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. இரு கரைகளையும் உடைய குமரி மாவட்டத்தில் இரண்டு தடையும் அடுத்தடுத்து வரும்.

கொடுவாவைப் பற்றி ஒரு வியப்பான செய்தி. அது முதலில் ஆணாக முதிர்ந்து, பெரிதாக வளர்ந்தபின் பெண்ணாக மாறுகின்றது. களவாயோ பெரும்பாலும் முதலில் பெண், பின்னரே ஆண். மீனை ஒன்றன்பால் என்று கூறி ஆண்பால் பெண்பால் வேறுபாடு காட்டாமல் விட்ட நம் இலக்கண நூலாரின் முன்யோசனையை நான் பெரிதும் மெச்சுகின்றேன். இதனால் தூண்டிற்காரன் அறிய வேண்டுவது ஒன்று உண்டு. பெரிய கொடுவாக்களை எல்லாம் பிடித்துவிட்டால் அக்கழியில் தாய் இராது. பெரிய களவாய்களைப் பிடித்துவிட்டால் தந்தை இராது. மிகச் சிறியதையும் விடுக, மிகப் பெரியதையும் விடுக, இடைப்பட்டதைக் குழம்புக்குக் கொள்க என்பது அண்ணாச்சியின் வழக்கம். அவர் உயிரியல் படித்தவர் அல்லர். விடும்போது கையை நனைத்துக்கொண்டே மீனைத் தொடுக. உலர்ந்த கை அதன் உடல்மேல் உள்ள வழுவழுப்பான காப்பைத் துடைத்து நீக்கிவிடும். மீனின் தலை ஓட்டத்தை எதிர்நோக்குமாறு நீரில் பிடித்திருந்தால், அது செவுள் அசைத்து மூச்சு வாங்கித் தானே செல்லும்.

சென்ற தை மாதம் வெள்ளுவாவுக்கு மறுநாள், மணக்குடியில் வற்றம் தொடங்கிய விடியற்பொழுது. இரை நீரோடு உருண்டு மறைவிடத்தை அடைந்தது. நூல் ஒருமுறை துடித்தது. பின் கோல் வில்லென வளைந்தது. கைப்பிடி தவிர எஞ்சிய பகுதியெல்லாம் நீரை நோக்கிக் குனிந்துவிட்டது. ரீல் சீறிக்கொண்டு நூலை விட்டது. மீன் ஒருமுறை நீர்மேல் எழுந்து துள்ளியது. என் கைக்கோலைவிட நீளம் இருக்கும். நான் திருகைத் தொடாமல், கற்ற பாடத்தின்படி பொறுத்து நின்றேன். கால்மணி நேரம் கழித்து அது தலையை ஓர் உதறு உதறியது. முள் கழன்றது. அந்த நொடியில் என் கோல் நிமிர்ந்த நிமிர்ச்சி இருக்கின்றதே! அதன் நுனி விண்ணென்று ஒலித்து மேலே பாய்ந்தது. நான் இரண்டடி பின்வாங்கி மணலில் அமர்ந்துவிட்டேன்.

அமர்ந்தபடியே உரக்கச் சிரித்தேன். அண்ணாச்சி விரைந்து வந்து, "என்ன வாத்தியாரையா, மீன் போனதற்கா சிரிக்கிறீர்கள்?" என்றார். அவருக்கு மூங்கிலையும் யானையையும் பற்றிக் கூறினேன். உரையாசிரியர்கள் அதனை மீனைக் கவர்ந்த தூண்டில் என்றே விளக்குவர். எனக்கோ அன்று மீனை இழந்த தூண்டில்தான் மூங்கிலாக எழுந்தது. எவ்வளவு விரைவாக எழும் என்று வினவிய அச்சிறுவன் இன்று எங்கே இருக்கின்றானோ, அறியேன்.

அண்ணாச்சி யானை மூங்கில் தின்று கண்டவர் அல்லர். சிறிது நேரம் நீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். "யானை எதற்கு அஞ்சிற்று?" என்று கேட்டார்.

"கவண் ஒலிக்கு, அண்ணாச்சி."

"அப்படியானால் யானையும் பிழைத்தது, மூங்கிலும் பிழைத்தது" என்று கூறிவிட்டு, என் நூலின் நுனியைக் கையில் வாங்கி, முடிச்சை எச்சிலால் நனைத்துப் புதிய முள்ளைக் கட்டத் தொடங்கினார்.